எத்தனை நாள் பச்சையாக நிற்கும்

கத்தரியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் கடைக்கு வருகிறவர்கள்தான். தொட்டியிலேயே குள்ளமாக வளர்க்கிற போன்சாய் மரங்களுக்கு வேண்டிய கருவிகளும் தொட்டிகளும் மண்ணும் விற்கிற கடை அது. கத்தரி தீட்டிக் கொடுப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாயால் வந்த பெயர் என்பது மற்ற எல்லாருக்கும் தெரியும். தோல் உறையின் பளபளப்பில் மயங்கி யாராவது இருபத்தொரு கருவிகள் அடங்கிய பெட்டியைத் தூக்கினால் அவள் சும்மா விட மாட்டாள்.

"வீட்ல எத்தனை மரம் இருக்கு?"

"ஒண்ணுதாங்க. இப்பத்தான் ஆரம்பிக்கிறேன்."

"ஒரு மரத்துக்கு இருபத்தொரு கருவியா? அதுக்கு என்ன ஆபரேஷனா பண்ணப் போறீங்க? ஒரு கத்தரி, கிளையைக் குழிவா வெட்டுற இடுக்கி ஒண்ணு, வேர்ச் சிக்கெடுக்க ஒரு கொக்கி. இது போதும். மிச்ச வேலைக்கு விரல் பத்து இருக்குல்ல."

உள்ளறையிலிருந்து முதலாளி இருமுவார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படி ஊருக்கெல்லாம் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவள், ஒரே ஓர் ஆளிடம் மட்டும் எதிர்த்துப் பேசாமல் இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாள். அந்த ஆள் அவளுடைய தம்பி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்த பைன் நாற்றுகளில் ஒன்று தண்டு கோணலாக வந்திருந்தது. குப்பையில் போடு என்றார் முதலாளி. அவள் அதை ஒரு தகர டப்பாவில் நட்டாள். அவள் குடியிருந்தது முதல் மாடியில் இரண்டு அறை. கல்யாணம் மூன்றே வருஷத்தில் முறிந்து, தனியாக வந்து பிடித்த இடம். நாலு பக்கமும் சுவர். வெயில் எட்டிப் பார்க்காது. பைனுக்கோ வெயில் இல்லாமல் ஆகாது. அதனால் டப்பா தம்பி வீட்டு மொட்டைமாடிக்குப் போனது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் இரண்டு தெரு தாண்டிப் போய் அவள் தண்ணீர் ஊற்றுவாள், முளை கிள்ளுவாள், கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றுவாள். கோணல் தண்டைக் கோணலாகவே விட்டு, அதற்குத் தக்கபடி கிளைகளைப் படியவைத்தாள். பத்து வருஷத்தில் அது பார்க்கிறவர்களை நின்று பார்க்க வைக்கிற மரமாகிவிட்டது.

அப்போதுதான் தம்பிக்கும் மரத்தின் மேல் ஆசை வந்தது. போன்சாய் சங்கத்தில் சேர்ந்தான். வருஷா வருஷம் நடக்கிற கண்காட்சிக்கு மரத்தைக் கொண்டுபோனான். அந்தச் சங்கத்தில் ஒரு விதி உண்டு: மரம் யார் வீட்டில் இருக்கிறதோ, அவர் பெயரில்தான் வைக்கவேண்டும். மரத்தின் முன்னால் வைக்கிற சிறிய வெள்ளை அட்டையில் தம்பியின் பெயர் இருந்தது. வளர்த்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். பரிசு வாங்கியதும் அவன். அவனுக்குப் பேச்சு நன்றாக வரும். இடுக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தடுமாறுகிறவன், மைக்கைப் பிடித்தால் மரம் என்னிடம் பேசுகிறது என்று அரைமணி நேரம் பேசுவான். கடைசியில் சங்கத்துக்குத் தலைவரும் ஆனான். மரம் என்னவோ யாரிடமும் பேசியதாக அவளுக்குத் தெரியவில்லை.

அந்த அட்டையில் தன் பெயரை ஒரே ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டும் பார்த்தாள். 'விதி இருக்கேக்கா, நான் என்ன பண்றது' என்பான். இல்லை என்று சொல்லவும் மாட்டான், தருகிறேன் என்று சொல்லவும் மாட்டான். அப்படி இரண்டு தடவை கேட்டு, மூன்றாவது தடவை கேட்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

இந்த வருஷம், தொட்டி மாற்றுகிற பருவம் வந்தபோது அவள் கால் உடைந்தது. கடையில், தொட்டி மண்ணில் கலக்கிற நுரைக்கல் மூட்டையை மேல்தட்டிலிருந்து இறக்கும்போது ஏணி வழுக்கிவிட்டது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். "மரத்துக்குக் கம்பி கட்டுனவளுக்கு இப்ப கம்பி கட்டிட்டாங்க" என்று பார்க்க வந்தவர்களிடம் அவளே சொல்லிச் சிரித்தாள். உள்ளுக்குள் ஒரே கவலைதான்: பைனுக்கு இந்த வருஷம் மண் மாற்றவேண்டும். அதைச் செய்ய அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வேர்க்கட்டியில் பாதியை மட்டும் இந்தத் தடவை அவிழ்ப்பாள். மறுபாதியை இரண்டு வருஷம் கழித்துத்தான் தொடுவாள். வயதான பைன் தொட்டியைக் கவிழ்த்தால், வேரோடு வேராக வெள்ளை நூல் மாதிரி ஒரு பூஞ்சை படர்ந்திருக்கும். தெரியாதவர்களுக்கு அது நோய் மாதிரி தோன்றும். மரம் தண்ணீரும் சத்தும் இழுப்பதே அந்த வெள்ளையின் தயவில்தான். மாற்றும்போதெல்லாம் பழைய மண்ணில் ஒரு கைப்பிடியைப் புது மண்ணோடு கலந்துவிடுவாள்.

'ஒரு வருஷம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாது' என்று கட்டிலில் படுத்தபடி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை, தம்பி வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த வருஷம் பைனை உன் பேர்ல வைக்கலாம்னு இருக்கேன்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்தப் பைனை?"

"நம்ம பைனைத்தான். கமிட்டிக்காரங்ககிட்ட போன்ல பேசிட்டேன். விதியைத் திருத்தியாச்சு. வளர்த்தவங்க பேரும் போடலாம்னு."

"நிஜமாவாடா?"

"நீதானே வளர்த்த."

இந்த இரண்டு சொல்லை அவன் வாயிலிருந்து கேட்க அவள் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அழுதாள். தம்பியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருப்படா" என்றாள். அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து, அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தம்பி வீட்டுக்குத்தான் வந்தாள். அவளுடைய மாடிப்படி ஏற இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார் டாக்டர். தம்பி வீட்டில் கீழே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தம்பி மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறினாள். வியர்த்துக் கொட்டியது. மேலே போய்ப் பார்த்தால், பைன் ஒரு புதுத் தொட்டியில் நிற்கிறது. நீல நிறம், பளபளவென்று குளியலறைச் சாமான் மாதிரி.

தொட்டி போகட்டும், அது வெறும் ரசனைக்கேடு. மண்ணைத்தான் அவள் உற்றுப் பார்த்தாள். சுட்ட களிமண் குருணையும் நுரைக்கல்லும் சலித்துப் போட்டதுபோல் சுத்தமாக இருந்தன. மூங்கில் குச்சியை ஓரத்தில் விட்டுக் கிளறினாள். அடிவரை புது மண். இன்னொரு பக்கம் கிளறினாள். அங்கேயும் புது மண்.

பின்னாலேயே தம்பி ஏறி வந்துவிட்டான். "யார் உன்னை மேல வரச் சொன்னது?"

"தொட்டி யாருடா மாத்துனது?"

"நான்தான். உனக்குக் கஷ்டம் வேணாம்னு பார்த்தேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லலை."

"பழைய மண்ணு?"

"உள்ள ஒரே வெள்ளையா பூஞ்சை புடிச்சிருந்துதுக்கா. நல்லவேளை, நான் பார்த்தேன். குழாய்த் தண்ணியில எல்லாத்தையும் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, மருந்துல ஊற வச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தான். "ஏன், ஏதாச்சும் தப்பா?"

கடையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். தம்பியைப் பார்த்தாள். பாவம், பிள்ளை ஆசையாகச் செய்திருக்கிறான் என்று தோன்றியது. நாற்பத்தெட்டு வயதுப் பிள்ளை. இப்போதுதான் பெயரை வேறு கொடுத்திருக்கிறான். இந்த நேரத்தில் நீ மரத்தைக் கொன்றுவிட்டாய் என்று எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணும் தப்பில்லை. நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாதவள் சொன்ன முதல் பொய் அது. அவனும் அதை உடனே வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு தலைகீழாக நின்று பார்த்தாள். மரத்தைக் கீழே இறக்கி நிழலில் வைக்கச் சொன்னாள். மணிக்கொரு தரம் இலைக்கு மட்டும் தண்ணீர் தெளித்தாள். கடையில் இருந்த இன்னொரு பைனின் பழைய மண்ணை, ஆள் விட்டுக் கொண்டுவரச் சொல்லி மேலாகத் தூவினாள். தம்பி வாங்கி வைத்திருந்த வேறு இரண்டு சின்னப் பைன்களில் முளை விரல் நீளம் நீண்டது. இதில் முளை இருந்த இடத்திலேயே இருந்தது. இலை மட்டும் பச்சைப் பசேல். பைனின் சாமர்த்தியம் அது: உயிர் போனாலும் இரண்டு மாதம் அதன் முகத்தில் தெரியாது. ஐந்தாவது வாரம் பின்பக்கத்துச் சின்னக் கிளையொன்றில் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பச்சை இல்லை. தவிட்டு நிறம். இன்னொரு கிளை, அதிலும் தவிட்டு நிறம். மூன்றாவதைச் சுரண்ட அவளுக்குக் கை வரவில்லை.

கண்காட்சிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

அனுப்பாமல் இருந்திருக்கலாம். அது அவளுக்கே தெரியும். செத்த மரத்தை வைப்பது ஏமாற்றுவேலை. இந்தத் தொழிலில் அதற்கு மன்னிப்புக் கிடையாது. ஆனால் வைக்கவில்லை என்றால் ஏன் என்று தம்பி கேட்பான், அவனிடம் சொல்லவேண்டி வரும், அவன் மனசு ஒடிந்துபோவான். இப்படி அவனைச் சாக்கு வைத்துத் தன் ஆசையைக் காப்பாற்றிக்கொண்டாள். ஒரு நாள். ஒரே ஒரு நாள் அந்த அட்டையில் தன் பெயரோடு மரம் நிற்கட்டும், அப்புறம் பழுத்துக் கொட்டட்டும், பழியைத் தானே சுமந்துகொள்ளலாம் என்று முடிவு கட்டினாள்.

கண்காட்சி அன்று ஊன்றுகோலோடு போனாள். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மரம், ஓர் அட்டை. அவளுடைய அட்டையில் எழுத்து சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் பெயர் பெயர்தானே. யாரும் பார்க்காதபோது அதை விரலால் ஒருமுறை தடவினாள்.

வாசல் பக்கம் முதலாளி கருவிகளைப் பரப்பிக் கடை போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உட்காரும்மா. மரம் ஜோரா நிக்குது. ஆமா, உன் தம்பி சொன்ன அந்த மெம்பரோட பைன் என்னாச்சு? பிழைச்சுதா?"

"எந்த மெம்பர்?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப கடைக்கு வந்தாரே. யாரோ ஒரு மெம்பர் பைன் வேரை வெள்ளையெல்லாம் போகக் கழுவி மருந்துல போட்டுட்டாராம், அது சரியான்னு கேட்டாரு. அடப்பாவி, அது வேருக்குத் தாய்ப்பால் மாதிரியாச்சே, கழுவுனா செத்துடுமேன்னேன். ஆளு வெளிறிப் போயிட்டாரு. அடுத்தவர் மரத்துக்கு இவ்வளவு வருத்தப்படுறாரேன்னு நினைச்சேன்."

"அது என்னைக்கு?"

"புது மண் லோடு இறங்குன அன்னைக்கு. வியாழக்கிழமை. அதுக்கு முந்தின வாரம்தானே நீ விழுந்த." முதலாளி ஒரு கத்தரியை எடுத்துத் துடைத்தார். "ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. எத்தனை நாள் பச்சையா நிக்கும், எத்தனை நாள் பச்சையா நிக்கும்னு. ரெண்டு மாசம் தாங்கும்னேன்."

வியாழக்கிழமை இதைக் கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை வந்து போர்வையைத் திருகியிருக்கிறான். அவளுக்குக் கணக்குப் போட அதிக நேரம் பிடிக்கவில்லை. தலைவர் வேரைக் கழுவி மரத்தைக் கொன்றார் என்று ஊர் சிரிக்கக்கூடாது. அதற்கு ஒரு பெயர் வேண்டும். அக்காவின் பெயர் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்து ஒட்டிவிட்டான்.

மேடைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் அவனைப் பிடித்தாள். பேச்சைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியும்ல?"

"என்னதுக்கா?"

"வியாழக்கிழமை கடைக்குப் போனியே."

தாளை மடித்தான். "மெதுவா பேசு. எல்லாரும் இருக்காங்க."

"மாடியில நின்னு தப்பான்னு என்கிட்டயே கேட்டியேடா."

"வேற என்ன பண்ணச் சொல்ற? நான் வேணும்னா செஞ்சேன்? பதினோரு வருஷமா இந்தச் சங்கத்தைக் கட்டி இழுக்கிறேன். ஒரு வார்த்தை வெளிய போனா அவ்வளவும் போச்சு." குரலைத் தாழ்த்தினான். "நீ மட்டும் என்னவாம். உனக்கும் தெரியும்ல செத்துப்போச்சுன்னு? தெரிஞ்சுதானே கொண்டுவந்து வச்ச?"

அது சுருக்கென்று தைத்தது. உண்மையாக இருந்ததால் தைத்தது.

"உனக்குப் பேர் வேணும்னு ஆசை, கொடுத்தேன்" என்றான். "அப்புறம் பழுத்துச்சுன்னா அக்காவுக்கு உடம்பு முடியலை, கவனிக்க முடியலைன்னு நானே சொல்லிடுவேன். உன்னை யாரும் ஒண்ணும் கேட்கமாட்டாங்க. உன் பேரு இங்க யாருக்குத் தெரியும்?"

மைக்கில் செயலாளர் எல்லாரையும் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு பைனுக்குத்தான். அவள் பெயரைச் செயலாளர் ஒரு தடவை தப்பாகப் படித்து, மறுபடி சரியாகப் படித்தார். கைதட்டினார்கள். அவள் ஊன்றுகோலை ஊன்றி மேடை ஏறும்வரை தட்டினார்கள். தலைவரான தம்பி பரிசுத் தட்டு ஏந்திச் சிரித்த முகமாக நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போய் மைக்கின் முன் நின்றாள்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. மரத்தை நாற்றுலேர்ந்து வளர்த்தது நான்தான். ஆனா ஏழு வாரம் முன்னாடி தொட்டி மாத்துனது நம்ம தலைவர். அதுக்கு அவருக்கு நன்றி சொல்லணும்."

மறுபடி கைதட்டல். தம்பியின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

"நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். அவரே தனியா நின்னு, பழைய மண்ணு ஒரு பொட்டு இல்லாம குழாய்த் தண்ணியில கழுவியிருக்காரு. பாதி வேர் இல்லை, முழு வேரும். உள்ள இருந்த வெள்ளையை எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு, பூஞ்சை மருந்துல ஊற வச்சிருக்காரு. இருபத்திரண்டு வருஷத்துப் பைனை. ஒரே நாள்ல."

வெள்ளை என்ற சொல்லிலேயே முன்வரிசைக் கைகள் நின்றுவிட்டன. அந்த மண்டபத்தில் இருந்த பாதிப்பேருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மீதிப்பேருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காதில் சொன்னார்கள். நடுவர்களில் ஒருவர் எழுந்து மரத்திடம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கிளையைச் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

"இது போயிடுச்சேம்மா. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் பழி முழுக்க அவன் தலையில் விழுந்திருக்கும். அந்த ஒரு பொய்க்கும் அவளிடம் தெம்பில்லை. நடுவர்கள் கூடிப் பேசினார்கள். செத்த மரத்துக்குப் பரிசு கிடையாது, அட்டையும் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. செயலாளர் வந்து அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பி அதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டிருந்தான். போகிறபோது அவள் பக்கத்தில் ஒரு நொடி நின்றான்.

"இப்பத் திருப்தியா?"

"இல்லை" என்றாள். நிஜமாகவே இல்லை. மரத்தை அவன் கொன்றதைக்கூட மறந்துவிடலாம். ஒன்றும் தெரியாத ஆள் அப்படித்தான் செய்வான். அந்த வெள்ளிக்கிழமை அவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாளே, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மரத்தை எடுக்க யாரும் முன்வரவில்லை. அவளால் தூக்கவும் முடியாது. மேசையின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மதியத்துக்கு மேல் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். காலையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பைனிடம் வந்ததும் அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

"எவ்வளவு பச்சையா இருக்கு, பாருங்களேன். இதுல மட்டும் பேரே போடலை." நாற்காலியில் இருந்த கத்தரியக்கா பக்கம் திரும்பினாள். "இது யாரு வளர்த்ததுங்க?"

"நான்தாம்மா" என்றாள்.